வேட்டு வைத்த கைகளும் ராக்கெட் செய்யும் கைகளும்

2023 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் பட்டிப்புலம் கடற்கரையிலிருந்து ஒரு ராக்கெட் மேலே போனது. 150 பிக்கோ செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. அப்துல் கலாம் பெயரிலான அந்த மாணவர் திட்டத்தை மார்ட்டின் அறக்கட்டளையும், கலாம் பெயரில் இயங்கும் சர்வதேச அறக்கட்டளையும், ஸ்பேஸ் ஸோன் இந்தியா நிறுவனமும் சேர்ந்து நடத்தின. நாடு முழுவதிலுமிருந்து 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் 5,000க்கும் அதிகமான மாணவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். பட்டிப்புலம் முன்பு நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்தான். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் போய்விட்டது.

நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு சேரியில் மாலைநேர வகுப்பு நடத்திவருகிறோம். அந்த வாரத்தில் ஒருநாள் கைப்பேசியில் அந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் கைதட்டாமல் கேட்டாள்:

"அண்ணா, சாட்டிலைட்டு பசங்க செஞ்சாங்க. சரி. அத்த மேல தூக்கினு போச்சே, அந்த ராக்கெட்டு யாரு செஞ்சது? அதையும் பசங்களே செய்வாங்களா?"

ராக்கெட்டை உருவாக்கியதில் முன்னின்றது ஸ்பேஸ் ஸோன் இந்தியா நிறுவனத்தின் பொறியாளர்கள்தான் என்று சொன்னோம். அவள் விடவில்லை. "அப்ப பசங்களால முடியாதா?" என்றாள். அன்றைக்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. அதற்கப்புறம் தேடிப் படித்ததும், கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

பெரியப்பா சொன்ன பாடம்

ராக்கெட்டின் இதயம் அதன் மோட்டார். மோட்டார் என்றதும் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நினைக்க வேண்டாம். திட எரிபொருள் மோட்டாரில் சுழல்கிற பாகம் எதுவும் கிடையாது. ஒரு குழாய், அதற்குள் எரிமருந்து, கீழே ஒடுங்கி விரியும் ஒரு வாய் என்று பார்ப்பதற்கு அவ்வளவுதான்.

இதை எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். எங்கள் தெருவில் இருந்த பெரியப்பா ஒருவர். ஊர்த் திருவிழாவுக்கு வாணம் விடுவதும், சாவுக்கு அதிர்வேட்டு வைப்பதும் அவர் வேலை. வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. ஊர்த்தெருவில் சாமி வரும்போது அவர் வயல்பக்கம் நின்று வாணம் கொளுத்த வேண்டும். சாமிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, மூங்கில் குழாயில் மருந்து இடித்துக்கொண்டிருந்தவரிடம், நடுவில் எதற்குத் துளை விடுகிறீர்கள் என்று கேட்டோம். "தொள இல்லன்னா மருந்து மேலாப்புல சும்மா எரிஞ்சி அணைஞ்சிடும்டா. தொள இருந்தாத்தான் உள்ளார பூரா ஒரே நேரத்துல பத்தும், பத்தினாத்தான் எழும்பும்" என்றார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு ராக்கெட் பொறியியல் புத்தகத்தைப் புரட்டியபோது அதே செய்தி படத்தோடு இருந்தது. திட எரிபொருள் உருளையின் நடுவே துளை விடுகிறார்கள். அந்தத் துளையின் உட்சுவர் முழுவதும் ஒரே நேரத்தில் எரிகிறது. எரிகிற பரப்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வாயு உண்டாகிறது. வாயு மிகுந்தால் அழுத்தம் கூடுகிறது. அந்த வாயு ஒடுங்கிய கழுத்து வழியாகக் கீழ்நோக்கிச் சீறும்போது ராக்கெட் மேலே தள்ளப்படுகிறது. துளை வட்டமாக இருந்தால் ஒருவிதமாகவும், நட்சத்திர வடிவில் இருந்தால் வேறுவிதமாகவும் எரியும். எந்த நொடியில் எவ்வளவு விசை வேண்டும் என்பதை அந்தத் துளையின் வடிவமே தீர்மானிக்கிறது. இதற்கு உருளை வடிவியல் என்றொரு தனிக் கணக்கே இருக்கிறது. எங்கள் பெரியப்பாவுக்கு அந்தக் கணக்கு எழுதத் தெரியாது. ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய பெரிய ராக்கெட்டுகளில் கரிமருந்து கிடையாது. ஆக்சிஜன் தருகிற அம்மோனியம் பெர்குளோரேட் உப்பு, அலுமினியத் தூள், இரண்டையும் பிணைத்துப் பிடிக்கும் ரப்பர் போன்ற ஒரு பிசின் ஆகியவற்றைப் பிசைந்து உறைக்குள் வார்த்து, பல நாட்கள் பதமான சூட்டில் இறுக விடுகிறார்கள். நம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் கட்டத்தில் இப்படி 139 டன் திட எரிபொருள் இருக்கிறது. பற்றவைத்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. திரவ எரிபொருள் என்றால் குழாயை அடைக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. வார்க்கும்போது ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டாலும், இறுகும்போது ஒரு விரிசல் விழுந்துவிட்டாலும், எரியும் பரப்பு திடீரென்று கூடி, அழுத்தம் எகிறி, உறை வெடித்துவிடும். ஆகவே இது பொறுமையின் வேலை. சலிப்பது, அளப்பது, பிசைவது, காத்திருப்பது, சோதிப்பது, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது என்றே நாட்கள் போகும்.

பட்டிப்புலத்தில் ஏவப்பட்டதும், அதே நிறுவனம் 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து ஏவிய ரூமி-1 ராக்கெட்டும் இதற்கு நெருங்கிய உறவு. அவற்றைக் கலப்பின ராக்கெட் என்பார்கள். எரிபொருள் திடமாக இருக்கும், அதை எரிக்கும் பொருள் தனிக்கலத்திலிருந்து வரும். இரண்டும் தனித்தனியாக இருப்பதால் ஆபத்து குறைவு. ரூமி-1இல் 3 கனசதுரச் செயற்கைக்கோள்களும் 50 பிக்கோ செயற்கைக்கோள்களும் போயின.

மாணவர்களால் முடியுமா?

முடியும். அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் ராக்கெட் ஆய்வகம் இருக்கிறது. இளநிலை மாணவர்கள் நடத்துவது. கடையில் கிடைக்கிற மோட்டாரை வாங்கிப் பொருத்துவது எளிது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எரிபொருளைத் தாங்களே பிசைந்து, தாங்களே வார்த்து, உறையையும் கார்பன் இழையில் தாங்களே செய்தார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று அவர்களுடைய டிராவலர்-4 என்னும் ராக்கெட் நியூ மெக்ஸிகோ பாலைவனத்திலிருந்து கிளம்பி ஏறத்தாழ 103 கிலோமீட்டர் உயரம் தொட்டது. விண்வெளியின் எல்லை என்று சொல்லப்படும் 100 கிலோமீட்டர் கோட்டைத் தாண்டிய முதல் மாணவர் ராக்கெட் அது. 2024 அக்டோபர் 20 அன்று அவர்களுடைய இன்னொரு ராக்கெட் 143 கிலோமீட்டர் உயரம் போனது.

பெயரிலேயே ஒரு செய்தி இருப்பதைக் கவனியுங்கள். வென்றது நான்காவது டிராவலர். அதற்கு முந்தியவை எதுவும் எல்லையைத் தாண்டியதாகக் காட்ட முடியாமல் போனவை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்த மாணவர்கள் பட்டறைக்குத் திரும்பினார்கள். படிப்பு முடித்தவர்கள் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். முந்தியவர்களின் தவறு அடுத்தவர்களுக்குப் பாடநூலானது.

நம் நாட்டுக் கதையும் இதுதான். தும்பாவிலிருந்து 1967 நவம்பர் 20 அன்று ஏவப்பட்ட முதல் இந்திய ராக்கெட்டான ரோகிணி-75 வெறும் 75 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, ஒரு கையகலம். நான்கு கட்டங்களும் திட எரிபொருளால் ஆன எஸ்எல்வி-3, 1979 ஆகஸ்ட் 10 அன்று தோற்றது. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று வென்றது. 1993இல் பிஎஸ்எல்வியின் முதல் பயணமே தோல்விதான். 2022 ஆகஸ்டில் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணம் தோற்றபோது, 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட் செயற்கைக்கோளும் பறிபோனது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, இரண்டாவது ஆசாதிசாட் வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையை அடைந்தது.

தோற்பதற்கு இடம் கொடுத்தவர்களே வென்றிருக்கிறார்கள். நம் பேச்சு இனிமேல் இந்த இடத்தைப் பற்றித்தான்.

பிப்ரவரியும் மார்ச்சும்

பட்டிப்புலத்து ராக்கெட் கிளம்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2023 மார்ச் 22 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே, குருவிமலையில் இருந்த பட்டாசு ஆலை வெடித்தது. பெண்கள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். ஒரே மாவட்டமாக இருந்த மண்ணில், ஒரு மாத இடைவெளியில், எரிமருந்தின் இரண்டு முகங்களையும் பார்த்தோம். ஒன்றில் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நின்று கைதட்டினார்கள். மற்றொன்றில் கூலிக்கு மருந்தோடு மருந்தாக உட்கார்ந்திருந்தவர்கள் செத்தார்கள்.

எரிமருந்து யாருக்கும் சலுகை காட்டாது என்பது உண்மை. 2003 ஆகஸ்டில் பிரேசில் நாட்டின் அல்காந்தரா ஏவுதளத்தில் திட எரிபொருள் மோட்டார் ஒன்று தானாகப் பற்றிக்கொண்டதில் 21 பேர் இறந்தார்கள். 2004 பிப்ரவரியில் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே திட எரிபொருள் கூடத்தில் நடந்த விபத்தில் ஆறு உயிர்கள் போயின. ஆனால் அந்த விபத்துகளுக்குப் பிறகு விசாரணை நடந்தது, முறைகள் மாற்றப்பட்டன. எங்கள் பெரியப்பாவின் இரண்டு விரல்களுக்கு எந்த விசாரணையும் நடக்கவில்லை. "கைய பாத்து வெக்க மாட்டியா?" என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டதோடு முடிந்தது.

மருந்தைத் தொடுகிற வேலை தலைமுறையாக யாருக்கோ. மருந்தைப் பற்றிய படிப்பு வேறு யாருக்கோ. நம் சமூகத்தின் வேலைப் பிரிவினை இதுதான். மருந்து இடித்தவரின் பேரப்பிள்ளை, பாதுகாப்புக் கவசத்தோடு, கணினிக் கணக்கோடு, காப்பீட்டோடு, பட்டத்தோடு அதே மருந்தைக் கையாளும் நாள் வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

நூல் சுற்றத் தெரிந்த ஊர்

ராக்கெட்டுக்கும் பட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. திட எரிபொருள் மோட்டாரின் உறை எடை குறைவாகவும் இருக்க வேண்டும், பெரும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். அதற்காக இழையைப் பிசினில் நனைத்து, அச்சு உருளையின்மேல் குறிப்பிட்ட கோணத்தில், குறிப்பிட்ட இறுக்கத்தில் சுற்றுகிறார்கள். பிஎஸ்எல்வியின் மூன்றாம் கட்ட உறை கெவ்லார் இழையால் இப்படிச் சுற்றப்பட்டதுதான். ஓர் இழை தளர்ந்தாலும் அந்த இடம் பலவீனம். இழையின் இறுக்கத்தை விரல்நுனியால் அறிகிறவர்கள் உலகத்தில் எங்காவது கூட்டமாக வாழ்கிறார்கள் என்றால் அது நம் காஞ்சிபுரம்தான்.

அந்தத் திறமை எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. நெய்பவர் ஒருபக்கம் உட்கார, மறுபக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். பல தறிகளில் அந்த இன்னொரு கை ஒரு குழந்தையின் கையாக இருந்தது. 2003 ஜனவரியில் வெளியான மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை, முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுப் பட்டுத்தறிகளில் உழைத்த குழந்தைகளைப் பற்றிப் பேசியது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. அந்தக் குழந்தைகளில் தலித்துகள் பலர் என்றும் அந்த அறிக்கை பதிவுசெய்தது.

அந்தக் குழந்தைகளுக்கு இன்று முப்பது, நாற்பது வயது. எங்கள் மாலை வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார்களில், தந்தைமார்களில் சிலர் அவர்கள். ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "நான் நாடா தள்ளும்போது எதிர்ல பள்ளிக்கூட மணி அடிக்கும். எம்பொண்ணுக்கு அந்த மணி உள்ள இருந்து கேக்கணும்." தொழிலாளர் துறையும் தொண்டு நிறுவனங்களும் பள்ளிகளும் சேர்ந்து இழுத்ததில் பிள்ளைகள் தறியிலிருந்து வகுப்புக்கு வந்துவிட்டார்கள். வகுப்பிலிருந்து பட்டறைக்குப் போவதுதான் அடுத்த படி. அந்தப் படியில்தான் இப்போது கால் இடறுகிறது.

குழு என்கிற வாசல்

எங்கள் வகுப்பில் படித்து, கலந்தாய்வில் இடம் பெற்று, பொறியியல் கல்லூரியில் சேர்ந்த தம்பி ஒருவர் இருக்கிறார். தந்தைக்கு ஏரி வேலை, தாய்க்கு ஒரகடம் பக்கத்தில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. அவர் படிக்கும் கல்லூரியில் மாணவர் ராக்கெட் குழு உண்டு. அதில் சேர ஆசைப்பட்டார். சேர்வதற்குத் தனிக் கட்டணம். பொருள்கள் வாங்க ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு. வேலை நடப்பது மாலை ஆறுக்கு மேல். அவர் ஊருக்குக் கடைசிப் பேருந்து எட்டு நாற்பதுக்கு. குழுவின் பேச்செல்லாம் ஆங்கிலம். இவற்றையெல்லாம் தாண்டி ஒரு மாதம் போனார். "உனக்கு எந்த ஊர்? ஊருக்குள்ளயா, வெளியிலயா?" என்று ஒரு நாள் யாரோ கேட்டார்கள். அதன்பிறகு அவருக்குக் கிடைத்த வேலை, மேசையைத் துடைப்பதும் பெட்டி தூக்குவதும். சலிக்கிற இடத்துக்கோ, வார்க்கிற இடத்துக்கோ, கணக்கு போடுகிற இடத்துக்கோ அவரை அழைக்கவில்லை. யாரும் வைதுவிடவில்லை, அடித்துவிடவில்லை. அவர் தானாகவே நின்றுவிட்டார்.

"போவாம இருந்துட்டா அவுங்களுக்கு வசதிண்ணா. அதுவும் தெரியுது. ஆனா பெட்டி தூக்குறதுக்கு எங்கப்பா போதுமே" என்றார் எங்களிடம்.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோவையில் படித்த காலத்தில் தன் சாதி தெரிந்துவிடுமோ என்று சக மாணவர்களோடு கலக்காமல் ஒதுங்கியே இருந்ததைத் தன் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் அவர் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார். மாணவராக இருந்தபோது சக மாணவர்களோடு விளையாட முடியவில்லை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று நாம் இழந்த ரோகித் வெமுலா, கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத விரும்பியவர். நட்சத்திரங்களை நேசித்த பிள்ளை அவர். வகுப்பறையில் இடம் கிடைப்பது ஒன்று, அறிவின் வட்டத்துக்குள் இடம் கிடைப்பது வேறொன்று என்பதற்கு இவர்கள் இருவரும் சாட்சி.

இடஒதுக்கீடு வகுப்பறை வாசலைத் திறந்திருக்கிறது. 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு என்று ஒவ்வொன்றும் போராடிப் பெற்றவை. ஆனால் கல்லூரிக் குழுவுக்கு இடஒதுக்கீடு கிடையாது. அங்கே நட்பு, பணம், மொழி, மாலை நேரம் ஆகிய நான்கும்தான் நுழைவுச்சீட்டு. இன்றைய வேலை உலகம் மதிப்பெண் சான்றிதழைவிட இந்தக் குழு அனுபவத்தைத்தான் அதிகம் கேட்கிறது. விண்வெளித் துறையில் தனியார் நிறுவனங்கள் வளர்ந்துவருகின்றன. குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டுவிட்டது. நாளைக்கு அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும்போது, "நீ கையால் என்ன செய்திருக்கிறாய்?" என்றுதான் கேட்பார்கள். பெட்டி தூக்கினேன் என்று சொல்லவா?

இன்னொரு பயமும் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளை மொட்டைமாடியில் ஏதோ கலந்து புகை கிளப்பினால் அது அறிவியல் ஆர்வம். அதே பொருள் சேரிப் பையன் ஒருவனின் பையில் இருந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். சந்தேகம்தான் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே எங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்கிறோம்: வீட்டில் எதையும் கலக்காதீர்கள். ஒரு விரலும் போக வேண்டாம், ஒரு வழக்கும் வர வேண்டாம். இது கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், உரிமத்தோடு செய்ய வேண்டிய வேலை. அந்தக் கூடத்தைத்தான் நாம் கேட்கிறோம்.

நிலம் கொடுத்தவர்கள்

விண்வெளித் திட்டத்துக்கு எளிய மக்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். தும்பாவில் மீனவ மக்கள் தங்கள் தேவாலயத்தையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது அந்த மண்ணிலிருந்து. ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் தலைமுறைகளாக வாழ்ந்த யானாதிப் பழங்குடி மக்கள், ஏவுதளம் வந்தபோது தங்கள் காட்டையும் குடிசைகளையும் விட்டு இடம் மாற வேண்டியிருந்தது. தும்பாவின் கதை பள்ளிப் பிள்ளைகள் வரை தெரிந்திருக்கிறது. யானாதிகளின் கதையை யாரும் சொல்வதில்லை.

பட்டிப்புலத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கிவருகிறது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதியைக் கொடுத்தது அந்தச் சங்கம். 2023 ஜனவரியில்தான் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ராக்கெட் கிளம்பியது. காட்டறிவு படைத்த சமூகத்துக்கு நாடு தாமதமாகவேனும் வணக்கம் சொன்னது. அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே இன்னும் போராட்டமாக இருக்கிறது என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை. உதவித்தொகை இல்லாமல் கல்லூரி இல்லை. கல்லூரி இல்லாமல் குழு எங்கே?

நாம் கேட்பது

ஓட்டுநர் இல்லாத வான ஊர்தியைப் பற்றிப் புறநானூற்றிலேயே குறிப்பு இருக்கிறது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் எங்களுக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் வானத்தைப் பாடியது போதும், அரத்தைக் கையில் கொடுங்கள் என்பதே இப்போதைய கோரிக்கை.

முதலாவது, ஓர் இடம். காஞ்சிபுரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் தொழிற்சாலைகளால் நிரம்பியிருக்கின்றன. உரிமத்தோடும் பாதுகாப்பு வல்லுநர் மேற்பார்வையோடும், சிறிய மோட்டார்களைத் தரையில் பூட்டிவைத்துச் சோதிக்கும் மேடை ஒன்றை மாவட்டத்துக்குப் பொதுவாக அமைக்க முடியாதா? எந்தக் கல்லூரி மாணவரும் வந்து செய்யும்படி அது இருக்க வேண்டும். தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியாது.

இரண்டாவது, பணம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மக்கள்தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்கவும், அதை வேறு பக்கம் திருப்பாமல் இருக்கவும் தமிழ்நாடு அரசு 2024இல் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் கொண்டுவந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அவர்களின் பிள்ளைகள் தொழில்நுட்பக் குழுக்களில் சேரும் கட்டணத்தையும் பொருள்செலவையும் அந்த நிதியிலிருந்து கொடுக்கலாம். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு, ஒரு விழா மேடையின் அலங்காரச் செலவைவிடக் குறைவு.

மூன்றாவது, நேரம். சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள், வரவேற்றோம். அந்த விடுதிகளில் ஒரு மேசை, ஒரு கருவிப்பெட்டி, ஒரு கணினி, மாலையில் வழிகாட்ட ஒரு பயிற்றுநர் வேண்டும். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை வானவில் மன்றம் நடக்கிறது. எட்டாம் வகுப்போடு அந்த வானவில் மறைந்துவிடக் கூடாது.

நான்காவது, குழுவின் வாசல். கல்லூரிக் குழுக்களுக்கு ஆள் எடுப்பது வெளிப்படையாக இருக்கட்டும். யார் எந்த வேலை செய்கிறார்கள் என்பதற்குச் சுழற்சிமுறை இருக்கட்டும். இன்று பெட்டி தூக்குகிறவர் நாளை வார்க்கட்டும், இன்று வார்க்கிறவர் நாளை மேசை துடைக்கட்டும். இதற்கு அரசாணை தேவையில்லை. பொறுப்பாசிரியர் ஒருவரின் மனசாட்சி போதும். இந்தப் பத்தியைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு இது எங்கள் நேரடி வேண்டுகோள்.

கடைசியாக, தோற்கும் உரிமை. ஒரு மோட்டார் வெடித்தால் அது சோதனை. நம் பிள்ளை ஒரு தாளில் தவறினால் மட்டும் அது "கோட்டாவில் வந்தவன்" என்ற பேச்சாகிவிடுகிறது. எஸ்எல்விக்கும் பிஎஸ்எல்விக்கும் டிராவலருக்கும் கொடுத்த இரண்டாவது வாய்ப்பை எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

அந்தத் தம்பி இப்போது வேறு இரண்டு மாணவர்களோடு சேர்ந்து, மோட்டாரின் விசையை நொடிக்கு நொடி அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். அதில் எரிமருந்து எதுவும் இல்லை; எடை உணரி, ஒரு சிறு மின்சுற்றுப் பலகை, பழைய இரும்புச் சட்டம், அவ்வளவுதான். சட்டத்தைப் பற்றவைத்துக் கொடுத்தவர் தெருமுனை வெல்டிங் கடைக்காரர், காசு வாங்கவில்லை. சோதிப்பதற்கு மோட்டார் கிடைக்கும்வரை செங்கல்லை வைத்து எடை சரிபார்க்கிறார்கள். முதல் முறை அளவு தவறாகக் காட்டியது. இரண்டாம் முறையும் தவறுதான். மூன்றாம் முறை செங்கல்லின் எடையும் கருவியின் கணக்கும் ஒத்துப்போயின. அன்று சனிக்கிழமை, மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

கேள்வி கேட்ட அந்தப் பெண்பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு. கருவியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, செங்கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்த தம்பியிடம் சொன்னாள்: "அடுத்த கல்ல நான் வெக்கிறேண்ணா. கணக்கையும் நானே எழுதறேன்."